பாதையைக் காப்பாற்றியது பத்திரம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 'லாங் டிரெயில்' என்று ஒரு மலைப்பாதை இருக்கிறது. தெற்கே மாசசூசெட்ஸ் எல்லையில் ஆரம்பித்து, முகடு முகடாக ஏறி இறங்கி, வடக்கே கனடா எல்லை வரை போகிறது. 272 மைல், கிட்டத்தட்ட 438 கிலோமீட்டர். அந்த நாட்டு நெடுந்தூர நடைபாதைகளில் இதுதான் மூத்தது. போட்டது அரசாங்கம் இல்லீங்க, கிரீன் மவுண்டன் கிளப் என்ற சங்கம்.

ஜேம்ஸ் டெய்லர் என்ற பள்ளி ஆசிரியர் 1910-ல் சிலரைக் கூட்டி ஆரம்பித்தார். ஊர்க்காரர்களே தங்கள் மலையை அனுபவிப்பதில்லையே என்பது அவர் ஆதங்கம். மரம் வெட்டி, பாதை செதுக்கி, குடில்கள் கட்டி, 1930-ல் முடித்தார்கள். இருபது வருஷ வேலை!

அடுத்து வந்தது சோதனை. 1930-களின் பொருளாதார மந்தத்தில், மலைத்தொடரை ஒட்டிக் கார் சாலை போட மத்திய அரசு பணம் தரும், வேலையும் கிடைக்கும் என்றார்கள். சங்கம் எதிர்த்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போது மாநில வர்த்தக சபையில் இருந்த அதே டெய்லர் சாலைக்கு ஆதரவு! 1936 மார்ச்சில் ஊர்க்கூட்டங்களில் ஓட்டெடுத்து, மக்கள் சாலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கதையைத்தான் எல்லாரும் சிலாகிப்பார்கள். எனக்கென்னவோ 1986-ல் நடந்ததுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

பாதையின் வடபகுதியில் பெரும்பாலும் தனியார் காடு. "போய்ட்டு வாங்கப்பா" என்று சொந்தக்காரர்கள் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பித்தான் அத்தனை வருஷமும் நடந்தார்கள். 1980-களில் அந்தக் காடுகள் விற்பனைக்கு வந்தபோதுதான் வயிற்றில் புளி கரைத்தது. வாங்குகிறவர் வேலி போட்டால் என்ன செய்வது? கேட்க ஒரு துண்டுச்சீட்டு கூடக் கிடையாது.

சங்கம் நன்கொடை திரட்டி நிலம் வாங்க இறங்கியது. விற்க மனமில்லாதவரிடம் பாதைக்கு மட்டும் உரிமை எழுதி வாங்கியது. நம்ம ஊர்ப் பத்திரத்தில் 'வழிநடைப் பாத்தியம்' என்று எழுதுவார்களே, கிட்டத்தட்ட அதேதான். நிலம் யார் கைக்குப் போனாலும் பாதை போகாது. இப்படி இதுவரை 25 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாதுகாத்திருக்கிறார்கள்.

நடக்கிறவனுக்கு எதற்கு ரியல் எஸ்டேட் வேலை என்று சிலர் கேட்கலாம். ஓட்டுப் போட்டு ஒரு சாலையை ஒருமுறை நிறுத்தலாம். ஆனால் நிலம் தலைமுறைக்குத் தலைமுறை கைமாறிக்கொண்டே இருக்குமே, அதற்கு ஒவ்வொரு தடவையும் ஓட்டெடுப்பா நடத்த முடியும்? அளந்து, வில்லங்கம் பார்த்து, பதிவு செய்கிற அலுப்பான வேலையை யாராவது செய்துதானே ஆக வேண்டும். அதில் போட்டோ எடுக்கக்கூட ஒன்றும் இருக்காது :-)

இன்னொன்று. பனி உருகும் வசந்த காலத்தில் பாதை சேறாகிவிடும், மிதித்தால் மண் அரித்துப் போகும். அதனால் மே மாதக் கடைசி வரை மலைப்பக்கம் வராதீர்கள் என்று வருஷா வருஷம் கேட்டுக்கொள்வதும் இதே நடைச்சங்கம்தான்.