குளிர்காலமும் இல்லத்தின் நிறைவும்

“போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து” என்பர் பெரியோர். நீலகிரியில் வாழும் நமக்கு இதன் பொருளை மார்கழிக் குளிர் ஆண்டுதோறும் கற்பிக்கிறது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவு வெப்பநிலை 0 டிகிரியை நெருங்குவதுண்டு. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை இழந்துவிட, தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படிகிறது. சுற்றுலா வருவோர் அதைக் கண்டு மகிழ்வர். கொழுந்து கருகுமே என்று தேயிலை விவசாயிகள் கலங்குவர். நாமோ பொழுது சாய்ந்ததும் கதவடைத்து வீட்டுக்குள் புகுந்து கொள்கிறோம்.

அவ்வேளையில் வீட்டைவிட இனிய இடம் ஏது? ஆவி பறக்கும் தேநீர், தொட்டுக்கொள்ள வர்க்கி, ஒரே கம்பளிக்குள் தம்பி தங்கையர், பாட்டி தொடங்கி வைக்கும் செபமாலை! கோடையில் ஆளுக்கொரு மூலையில் இருக்கும் குடும்பத்தைக் குளிர் ஒரே அறையில் கூட்டி விடுகிறது. இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை.

ஆனால் இந்தக் கதகதப்பு தானாக வருவதன்று. நாம் போர்வைக்குள் சுருண்டு, “இன்னும் ஐந்து நிமிடம்” என்று கெஞ்சும்போது, அம்மாவின் கைகள் சில்லிட்ட தண்ணீரில் பாத்திரம் துலக்கிக் கொண்டிருக்கின்றன. பனியில் வெடித்த அக்கைகளை நாம் உற்று நோக்கியதுண்டா? ஒருவர் குளிரில் நிற்க, மற்றவர் சுகம் காணும் வீடு நிறைவான இல்லமாகுமா? ஆகாது என்பதே எமது கருத்து. வெந்நீர் வைப்பதிலும் பாத்திரம் துலக்குவதிலும் பாதி நம் பங்காகட்டும். தம்பிமாரும் இதற்கு விலக்கல்லர்!

எச்சரிக்கையும் தேவை. கரிக்கங்கைச் சட்டியில் இட்டு, சன்னல்களை மூடி உறங்குவது பேராபத்து. கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். உறங்குமுன் கங்கை வெளியே வைத்துவிடுவோம்.

1223-ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சோ என்னும் ஊரில் மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைத்தார். விடுதியில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தை அக்குடில் இன்றும் நமக்கு நினைவூட்டுகிறது. நம் பெட்டியில் சும்மா கிடக்கும் கம்பளிச் சட்டை, விடியற்பனியில் தோட்ட வேலைக்குச் செல்லும் ஓர் அன்னைக்கு உதவுமே!

அம்மாவின் சுமையைப் பகிர்வோம்; அயலாரின் குளிரை நினைப்போம். அன்றுதான் “போதும்” என்று நாம் சொல்வது பொருளுடையதாகும்.