புகாரில் இருக்கும் வேடிக்கை

மின்னஞ்சலுக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல என்பது குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. ஆகையால், 1990களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் அஞ்சல் சர்வர்களைக் கவனித்துவந்த ட்ரே ஹாரிஸ் என்பவரிடம், தம் துறையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் மின்னஞ்சல் போக மறுக்கிறதென்று புள்ளியியல் துறைத் தலைவர் தொலைபேசியில் முறையிட்டபோது, குடித்துக்கொண்டிருந்த காப்பி அவருக்குப் புரையேறிவிட்டது. துறைத் தலைவரோ புள்ளிவிவரத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டவர். கோளாறு தொடங்கிச் சில நாட்களாகியும், போதிய தகவல் சேராமல் முறையிடுவது சாஸ்திரத்துக்கு அழகல்லவென்று பொறுத்திருந்து, கடிதம் எட்டும் எல்லையை வரைபடமாகவும் தீட்டச் செய்து, 500 என்பதைவிட 520 மைல் என்பதே பொருந்தும் என்ற திருத்தத்தோடு புகாரை ஒப்படைத்தார். ஹாரிஸ் அரைமனதாகச் சோதித்துப் பார்த்தார். 420 மைலிலுள்ள நியூயார்க்குக்குக் கடிதம் போயிற்று. 580 மைலிலுள்ள பிராவிடன்ஸுக்குப் போகவில்லை!

நடந்தது இதுதான். ஆலோசகர் ஒருவர், சர்வரைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று, தம்மையறியாமல் அதிலிருந்த அஞ்சல் மென்பொருளைப் பழைய பதிப்புக்கு இறக்கிவிட்டிருந்தார். அமைப்புக் கோப்பில் புதிய பதிப்புக்கென எழுதியிருந்த கட்டளைகள் பழையதற்கு விளங்காமற் போகவே, மறுமுனை பதில் தரும்வரை காத்திருக்க வேண்டிய நேரம் பூஜ்யமாகிவிட்டது. பூஜ்யம் என்றாலும், இருந்த வேலைப் பளுவில் இணைப்பைத் துண்டிக்க அந்த இயந்திரத்துக்கு 3 மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகமாகப் பிடித்தது. 3 மில்லிசெகண்டில் ஒளி செல்லும் தூரம் 558 மைல்; அதற்கப்பாலுள்ள ஊரை எட்டுமுன்பே இணைப்பு அறுந்துபோயிற்று. கதையின் சுவை கருதிச் சில விவரங்களைச் செதுக்கியிருப்பதாக ஹாரிஸே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆயினும் சாரம் கெடவில்லை. கேட்டவரைச் சிரிக்கவைத்த அந்த 500 மைல் என்ற ஒரே விவரத்தில்தான் நோயின் மூலம் முழுவதும் அடங்கியிருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அதே புகார் இன்றைய அலுவலகமொன்றுக்கு வந்திருந்தால் என்ன கதியாகியிருக்கும்? நம் வங்கிகளும், தொலைபேசிக் கம்பெனிகளும், சர்க்கார் இலாகாக்களும் வைத்திருக்கும் புகார்ப் படிவங்களில், 'இணைப்புக் கோளாறு' என்றும் 'கடவுச்சொல் கோளாறு' என்றும் 'இதர காரணங்கள்' என்றும் தயாராகச் சில அறைகள் இருக்கின்றன. எவ்வளவு விசித்திரமான அனுபவமும் அவற்றுள் ஒன்றில் அடைபட்டு, விசித்திரம் முழுவதையும் இழந்து, 'தீர்க்கப்பட்டது' என்ற முத்திரையோடு வெளியே வருகிறது. இந்த ஏற்பாடு ஒழுங்குக்கு உதவலாம். பிழையைப் பிடிக்க உதவாது என்பதே என் அபிப்பிராயம். பிழை எப்பொழுதும் வேடிக்கையான உருவத்தில்தான் முதலில் தலைகாட்டுகிறது. அந்த உருவத்தைச் சிதைத்துவிட்டுப் பிழையைத் தேடுகிறவன் அங்க அடையாளங்களை அழித்துவிட்டு ஆளைத் தேடுகிறவனாகிறான்.

பழைய காலத்து எஞ்சினியர்கள் இவ்விஷயத்தில் நம்மைவிட ரசிகர்களாக இருந்திருக்கிறார்கள். 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி மாலை 3.45 மணிக்கு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சோதனையிலிருந்த மார்க் 2 என்னும் கணினியின் 70-ஆம் எண் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. 'ரிலே சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதிவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர்களோ பூச்சியையே நாடா கொண்டு பதிவேட்டில் ஒட்டி, பூச்சி மெய்யாகவே அகப்பட்ட முதல் சந்தர்ப்பம் இது என்ற பொருள்பட அருகில் ஒரு வரியும் எழுதினார்கள். இயந்திரக் கோளாறுகளைப் பூச்சி என்று அழைக்கும் வழக்கம் அவர்களுக்கு முன்பே இருந்ததுதான் அந்தப் பரிகாசத்துக்கு ஆதாரம். பூச்சியைப் பிடித்தவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் என்று பலர் எழுதுவது சரியல்ல; அவர் இதைச் சுவைபடச் சொல்லி உலகமெங்கும் பரப்பியவர். அந்தப் பதிவேடு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்றும் பூச்சியோடு பத்திரமாக இருக்கிறது.

உயிருள்ள பூச்சிகளைப் பின்தொடர்வதிலும் நியாயம் இதுவே. மாலத்தீவுகளில் அக்டோபர் மாதம் பிறந்தால் தட்டான்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும். தட்டான் முட்டையிடுவதற்கு நன்னீர் வேண்டும். அந்தப் பவளத் தீவுகளிலோ தேங்கி நிற்கும் நன்னீர் அநேகமாக இல்லை. எதற்காக வருகின்றன? மீன்களைப் பற்றி ஆராய வந்த சார்லஸ் ஆண்டர்சன் என்னும் கடலுயிரியலார், தம் உத்தியோகத்துக்குச் சம்பந்தமில்லாத இந்த விநோதத்தை, எந்தத் தீவில் எந்தத் தேதியில் தட்டான் தென்பட்டது என்று ஆண்டுக்கணக்காகக் குறித்துவந்தார். தென்னிந்தியா, மாலே, தெற்கிலுள்ள தீவுகள் என்று தேதிகள் வரிசையாகப் பிந்திக்கொண்டே போவதைக் கண்டு, அவை நம் கரையிலிருந்து பருவக்காற்றின் துணையோடு புறப்பட்டு, இந்து மகா சமுத்திரத்தைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றன என்ற முடிவை 2009-இல் அவர் வெளியிட்டார். தட்டானின் வாலில் நூலைக் கட்டி விளையாடிய நம் ஊர்ச் சிறுவர்களில் எவனாவது நூலை நழுவவிட்டிருந்தால், அதன் நுனி ஒருவேளை மாலத்தீவில் கிடைத்திருக்கலாம்!

பதிவேட்டை நேர்மையாக எழுதுவதற்கும் கொஞ்சம் நகைச்சுவை வேண்டியிருக்கிறது. டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை இயற்றிய டொனால்ட் கனூத், அதில் தாம் செய்த மாற்றங்களையும் திருத்தங்களையும் பத்து ஆண்டுகள் ஒன்றுவிடாமல் குறித்துவைத்து, 850-க்கும் மேற்பட்ட அந்தக் குறிப்புகளை 15 இனங்களாகப் பிரித்து 1989-இல் பகிரங்கமாக வெளியிட்டார். அவ்வினங்களில் மறதிக்கு ஓர் இடம், மடத்தனமான தவறுக்கு ஓர் இடம், எதிர்பாராத ஆச்சரியத்துக்கும் ஓர் இடம் உண்டு. தம் நூல்களில் பிழை கண்டு சொல்வோருக்கு 2 டாலர் 56 சென்டுக்குக் காசோலை அனுப்புவது 2008 வரை அவர் வழக்கமாக இருந்தது. டெக்கில் பிழை காண்போருக்குரிய தொகையோ ஆண்டுதோறும் இரட்டித்து 327 டாலர் 68 சென்டில் வந்து நின்றது. காசோலையைப் பெற்றவர்களில் பலர் அதைப் பணமாக்காமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.

நம் அலுவலகங்களிடம் காசோலை கேட்கவில்லை. படிவத்தின் அடியில் நாலு வரிக்கு வெற்றிடம் விட்டு, புகார் சொல்கிறவர் நடந்ததைத் தம் வாய்மொழியிலேயே எழுத அனுமதித்து, எழுதியதை 'இதர காரணங்கள்' என்று சுருக்கிவிடாத ஒரு குமாஸ்தாவின் கையில் அதைக் கொடுத்தால் போதும். அவர் படித்துச் சிரித்தாலும் பாதகமில்லை.