வாயும் மனமும் புகையிலையும்

பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு என்பது நம் முன்னோர் வாக்கு. சொல் போனபின் வேறென்ன போகும் என்பதை அவர்கள் சொல்லாது விட்டனர். சொல் குழறியவன் சபைக்கு வரக் கூசுகிறான். சபைக்கு வராதவன் வீட்டின் மூலையில் ஒடுங்குகிறான். ஒடுங்கியவனது மனம் மேலும் நலிகின்றது. வாய்க்கும் மனத்துக்கும் இத்துணை நெருக்கம் இருந்தும், பல்நோய்க்கு ஒரு வைத்தியர், மனநோய்க்கு வேறொரு வைத்தியர் என வைத்தியசாலையின் கதவுகள் பிரிந்திருத்தலால், இவை இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றே எண்ணிப் பழகிவிட்டோம். இவ்விரு கதவுகளினூடாகவும் தடையின்றி நுழையும் பொருள் ஒன்று உண்டு. அது புகையிலை. இவ்வாரம் அதனைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

புகையிலையைக் குறை கூறுதல் நம்மவர்க்கு எளிதன்று. துலா மிதித்து இறைத்த நீரில் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளைந்த புகையிலை, திருவிதாங்கூர் வரை கப்பலேறிச் சென்று பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. சுருட்டுக் கொட்டில்களில் இலை சுருட்டிய கைகள் எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்தன. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிற் குளிருக்கும் களைப்புக்கும் துணையாக வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் வாயில் அடங்கின. வெற்றிலைத் தட்டம் வையாத மங்கல காரியம் நம்மிடையே இல்லை. ஆதலால் உழைத்தவரையோ உபசரித்தவரையோ பழிப்பது நமது நோக்கமன்று. அறியாத காலத்தில் நடந்தது வேறு. அறிந்த பின்னும் நடப்பது வேறு.

அறிவு எவ்வாறு வந்தது என்பதை மாணவர்கள் கருத்தூன்றி அறிதல் வேண்டும். 1950 ஆம் ஆண்டில் றிச்சட் டொல், பிரட்போர்ட் ஹில் என்னும் இருவர், இலண்டன் வைத்தியசாலைகளில் நுரையீரற் புற்றுநோயாளரையும் பிற நோயாளரையும் வினவி ஒப்பிட்டு, புகைத்தலுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். அத்தோடு அமையாது, 1951 இல் பிரித்தானிய வைத்தியர்களுக்கே கடிதம் எழுதி, அவர்தம் புகைப்பழக்கத்தைக் கேட்டனர். ஏறக்குறைய 40,000 பேர் விடை அனுப்பினர். அவர்களுள் ஆண் வைத்தியர் 34,439 பேரின் வாழ்வும் சாவும் 50 ஆண்டுகள் தொடர்ந்து கணக்கிடப்பட்டன. 2004 இல் வெளிவந்த முடிவு இது: புகைத்தலைக் கைவிடாதவர் ஏனையோரிலும் சராசரி 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். அறுபது வயதில் விட்டவர் 3 ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர் 6 ஆண்டுகளையும், நாற்பதில் விட்டவர் 9 ஆண்டுகளையும், முப்பதில் விட்டவர் 10 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டனர். "இனி விட்டு என்ன பயன்?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு இக்கணக்கே விடையாகும்.

இனி வாய்க்கு வருவோம். புகையிலையைப் புகையாது மென்றாற் கேடில்லை என்பது நம் நாட்டில் வேரூன்றிய ஒரு நம்பிக்கை. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை விளைவிக்கும் என 1985 இல் தீர்ப்பளித்தது. 2004 இல் வெளியிட்ட நூலில் ஒரு படி மேலே சென்று, புகையிலை சேராத தாம்பூலமும், ஏன், பாக்குத் தானும் அவ்வாறே தீங்குடையது எனக் கூறிற்று. பாக்கை இடைவிடாது மெல்லுவோர்க்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, வாய் திறத்தல் நாளுக்கு நாள் அரிதாவதும் உண்டு. இலங்கையில் ஆண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னணியில் நிற்பதற்குக் காரணத்தைத் தூரத்தே தேடவேண்டியதில்லை.

புகைப்பவரின் முரசுக்கும் ஒரு வஞ்சனை நேருகின்றது. முரசில் நோய் புகுந்தால் இரத்தம் கசிந்து நம்மை எச்சரித்தல் இயற்கை. புகைத்தலோ நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, அந்த எச்சரிக்கையை அடக்கிவிடுகின்றது. இரத்தம் வரவில்லை, ஆகவே நோய் இல்லை என்று அவர் நம்பியிருக்கையிற் பற்கள் ஆட்டங் காண்கின்றன.

இத்துணைக் கொடிய வாய்ப்புற்றுக்கு ஒரு நற்குணமும் உண்டு. அது வருவதற்கு முன்னரே, பெரும்பாலும், கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இடுகின்றது. ஈரலுக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ எட்டிப் பார்க்க நம்மால் ஆகாது. வாய்க்குள் எவரும் பார்க்கலாம். இதனை மெய்ப்பித்துக் காட்டியவற்றுள் ஒன்று நமது நாட்டு ஆய்வே. டொக்டர் சமன் வர்ணகுலசூரியவும் அவர்தம் துணைவரும் கிராமங்களிற் பணிபுரியும் சுகாதார ஊழியர் 34 பேருக்குப் பயிற்சி அளித்து, ஓராண்டில் 28,000 க்கும் மேற்பட்டோரின் வாயைப் பார்க்கச் செய்தனர். 1984 இல் அம்முடிவுகள் வெளியாகின. 1,200 க்கும் அதிகமானோரிடம் ஐயத்துக்குரிய மாற்றங்கள் காணப்பட்டன. ஊழியர்கள் கண்டது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பின்னர்த் திருவனந்தபுரத்தில் 1996 இல் தொடங்கிய பேராய்வு, 2005 இல் தன் முடிவை வெளியிட்டது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாயை இவ்வாறு பார்த்து வந்தமையால் வாய்ப்புற்றுச் சாவு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் அங்கே பயன்படவில்லை. வெளிச்சமும் கண்ணும் பயிற்சியுமே போதியனவாயின.

ஆயினும் இலங்கை ஆய்விலே நம் நெஞ்சைத் தொடுவது வேறொரு செய்தி. மேற்பரிசோதனைக்கு வருமாறு அறிவுறுத்தப்பட்டவருட் பாதியைச் சற்றே தாண்டிய தொகையினரே சென்றனர். ஏனையோர் வீட்டிலேயே இருந்துவிட்டனர். நோவு இல்லாமையும், கூலி இழப்பும், பயணச் செலவும், தெரிந்துகொள்ள அஞ்சும் அச்சமும் எவரையும் தடுக்கக்கூடியவை. உடல் நலமும் தெளிந்த சிந்தையும் உடையவர்க்கே இந்நிலையாயின், மனம் நோயுற்றவர் நிலை எவ்வாறிருக்கும்? எவர் அவரை அழைத்துச் செல்வார்? எவர் அவரை வாய் திறக்கச் சொல்வார்?

மனச்சிதைவு முதலிய கடும் மனநோய் உடையவர்கள் ஏனையோரிலும் 10 முதல் 20 ஆண்டுகள் வரை முன்னதாக இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவர்களிற் பெரும்பாலோரைக் கொல்வது மனநோயன்று. இருதய நோய், சுவாச நோய் போன்ற உடல் நோய்களே. அவர்களிடையே புகைப்பழக்கம் பொதுமக்களிலும் மிகுதி. 2011 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கடும் மனநோய் உடையவர்க்குப் பற்கள் அனைத்தையும் இழக்கும் வாய்ப்பு ஏனையோரிலும் ஏறக்குறைய 3.4 மடங்கு எனக் கண்டது. புகை ஒரு காரணம். வறுமையும் கவனிப்பின்மையும் வேறு காரணங்கள். மனநோய்க்கான மருந்துகள் பல உமிழ்நீரைக் குறைத்து வாயை உலர்த்துதலும் மற்றொரு காரணம். உமிழ்நீரே பற்களின் காவலன். காவலன் இல்லாத வாயிற் சூத்தை விரைந்து பரவுகின்றது. தாகந் தணிக்க இனிப்புப் பானங்களைப் பருகினாலோ கேடு இரட்டிக்கின்றது.

"பாவம், அவனுக்கிருக்கும் ஒரே ஆறுதல் அந்தச் சிகரட், அதையும் பறிப்பதா?" என்று இரங்குவோர் பலர். இவ்விரக்கம் குடும்பங்களில் மாத்திரமன்று, வைத்தியசாலைகளிலும் இருந்தது. 1990 களின் தொடக்கத்தில் அமெரிக்க வைத்தியசாலைகளிற் புகைத்தலைத் தடுக்கும் விதி வந்தபொழுது, மனநோய் விடுதிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. நல்லெண்ணத்தாற் பிறந்த இவ்வெண்ணம் உண்மையாற் பிறந்ததா என்பதே கேள்வி.

நிக்கொட்டீன் சில விநாடிகளில் மூளையை அடைகின்றது. சில மணி நேரத்திற் குறைந்து போகின்றது. குறையும்பொழுது பதகளிப்பும் எரிச்சலும் தோன்றுகின்றன. அடுத்த சிகரட் அவற்றைத் தணிக்கின்றது. தணித்தது எதனை? முந்திய சிகரட் விளைத்த துன்பத்தையே. இறுக்கமான சப்பாத்தை அணிந்து நடந்தவன், அதனைக் கழற்றும் சுகத்துக்காகவே மீண்டும் அணிந்தாற் போன்றது இது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளியான கட்டுரை, புகைத்தலை விட்டவரிடம் பதகளிப்பும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்தன என்றும், மனநோய் உடையவரிடமும் அவ்வாறே கண்டோம் என்றும் கூறிற்று. அவதானிப்பால் வந்த முடிவாதலின் காரண காரியத்தை அது முற்றாக நிறுவியதாகாது. எனினும் விட்டால் மனம் குலையும் என்ற அச்சத்துக்கு அதில் ஆதரவு இல்லை. 2016 இல் 16 நாடுகளில் 8,000 க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்த மற்றொரு பரிசோதனையில் ஏறத்தாழப் பாதிப்பேர் மனநோய் உடையவர்கள். புகை விடுதற்கான மருந்துகள் இரண்டும், நிக்கொட்டீன் ஒட்டுத்துண்டும் அங்கே சோதிக்கப்பட்டன. போலி மருந்து பெற்றவரோடு ஒப்பிடுகையில், இவை மனக்கேடுகளைக் குறிப்பிடத்தக்க அளவிற் கூட்டவில்லை. விட்டோர் தொகையையோ கூட்டின. மனநோய் உடையவரிடம் வெற்றி சற்றுக் குறைவே. ஆயினும் வெற்றி உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. புகையிலுள்ள தாரானது ஈரலைத் தூண்டி, குளோசப்பீன், ஒலான்சப்பீன் என்னும் மனநோய் மருந்துகளை விரைவில் அழியச் செய்கின்றது. ஆதலாற் புகைப்பவருக்கு அவை கூடுதலாகத் தேவைப்படலாம். அவர் திடீரென விட்டாலோ, அதே அளவு மருந்து உடலில் மிகுந்து நஞ்சாகலாம். பாக்கும் வாளாவிருப்பதில்லை. மனநோய் மருந்து உண்போர் மிகுதியாகப் பாக்கு மென்றதனால் உடல் விறைப்பும் நடுக்கமும் மோசமாகிய சம்பவங்கள் 1989 இல் வைத்தியப் பத்திரிகையொன்றிற் பதிவாகியுள்ளன. ஆகவே புகை விடும் நாளையும், வெற்றிலைப் பழக்கத்தையும் வைத்தியருக்கு முன்னரே தெரிவித்தல் கடமை. மருந்தின் அளவைத் தாமாக மாற்றுதல் ஒருபொழுதும் கூடாது.

குடும்பங்கள் செய்யக்கூடியது பெரிதன்று. மாதமொருமுறை, பகல் வெளிச்சத்தில், வீட்டிலுள்ள பெரியவர்களின் கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, முரசு, உதடு ஆகியவற்றைப் பாருங்கள். துடைத்தும் போகாத வெண்படை, செம்படை, இரண்டு வாரங் கடந்தும் ஆறாத புண், உறைப்பு உண்ணும்பொழுது தாங்கொணா எரிவு, வாய் திறக்க வருத்தம் என்பவற்றுள் ஒன்றைக் கண்டாலும் நோவு வரும்வரை காத்திராது பல்வைத்தியரிடம் செல்லுங்கள். மனநோயுற்ற ஒருவர் வீட்டில் இருப்பின், அவருடைய பற்பசையும் தூரிகையும் எங்கே என்று கேளுங்கள். உண்ணும் மருந்துகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவரோடு கூடவே பல்வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வாய் உலர்ந்தாற் சோடாவுக்குப் பதிலாகத் தண்ணீர் கொடுங்கள். மனநலத்துக்காக உதவி கேட்க அஞ்சுவோர்க்கு, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு.

இரக்கம் நல்லதே. ஆனால் ஒருவருக்குச் சிகரட்டை நீட்டிவிட்டு அப்பாற் செல்வது இரக்கமாகாது. அவர் அருகிருந்து, அவருடைய வாயையும் மனத்தையும் நம்முடையவை போலவே காக்க முயல்வதே இரக்கம். அவரிடமிருந்து பறிபோகும் 10 ஆண்டுகள், 20 ஆண்டுகள் என்பவை வெறும் எண்களல்ல. ஒரு தாய் தன் மகனோடு இருந்திருக்கக்கூடிய ஆண்டுகள். ஒரு பிள்ளை தன் தகப்பனோடு பேசியிருக்கக்கூடிய ஆண்டுகள். அவற்றை மீட்கும் வழி தெரிந்திருக்க, நாம் வாளாவிருத்தல் தகுமா?