தீப்பொறிக்கு மார்க் போடாதீங்க சாமிகளா!

"நடுவர் தீர்ப்பே இறுதியானது" - இந்த வரி இல்லாத போட்டி உண்டா? எனக்கு அதில் ஆட்சேபணை ஒண்ணும் இல்லை. ஆனா இறுதியான தீர்ப்புன்னா காரணமே சொல்ல வேண்டாம்னு யாருங்க சொன்னது? அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பசங்களுக்கான ரோபோ சண்டைப் போட்டிகளைச் சில வருஷமா பார்க்கிறேன். வயித்தெரிச்சல் தாங்காம எழுதுற பதிவு இது. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்தருள்க.

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. பசங்க செய்யுற ரோபோ 15 பவுண்டுக்கு மேல போகக்கூடாது. நம்ம கணக்கில் ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. உடையாத கண்ணாடி மாதிரி பாலிகார்பனேட் கூண்டுக்குள்ள ரெண்டையும் விட்டு மூணு நிமிஷம் மோத விடுவாங்க. ஒண்ணு அசையாம நின்னுட்டா பத்து எண்ணுவாங்க, முடிஞ்சது கதை. ரெண்டும் கடைசி வரை ஓடிட்டிருந்தாத்தான் சிக்கல். அப்பத்தான் நடுவர்கள் வர்றாங்க.

இதுக்கு விதியே இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. ரோபோட் ஃபைட்டிங் லீக்னு ஒரு அமைப்பு இருந்தது. நடுவர்களுக்கு அவங்க எழுதி வெச்ச குறிப்பு ரொம்ப நேர்மையானது. ஆக்ரோஷத்துக்கு 5, சேதத்துக்கு 6, மொத்தம் 11. அதை ரெண்டு ரோபோவுக்கும் பங்கு போடணும். ஒற்றைப்படை எண்ணா இருக்கிறதால "ரெண்டு பேரும் நல்லா ஆடினாங்க"ன்னு நடுவர் நழுவ முடியாது. (பிரிட்டன்ல ரோபோ வார்ஸ்னு 1998-ல் ஆரம்பிச்ச டிவி நிகழ்ச்சியில் ஸ்டைலுக்கும் மார்க் இருந்தது. நம்ம சூப்பர் ஸ்டார் ஒரு ரோபோ அனுப்பியிருக்கலாம் :-))

அந்தக் குறிப்பில் எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. டைட்டானியத்தில் அடி விழுந்தா வெள்ளை வெளேர்னு பொறி பறக்கும், ஆனா தகட்டுக்குப் பெருசா ஒண்ணும் ஆகியிருக்காது. அலுமினியத்தில் அப்படிப் பொறி வராது, ஆனா ஆழமா வெட்டுப்பட்டிருக்கும். அதனால பொறியைப் பார்த்து மயங்காதே, காயம் எவ்வளவு ஆழம்னு பாருங்கிறாங்க. தகட்டில் பெரிய கீறல் கண்ணுக்கு நல்லாத் தெரியும், ஓட்டத்தை அது பாதிக்காது. சக்கரம் லேசா ஆடினா அச்சு வளைஞ்சிருக்குன்னு அர்த்தம், அதுதான் சேதம். இதே மாதிரி, எவ்வளவு பயங்கரமான ஆயுதம் வெச்சிருந்தாலும் எதிராளி வந்து மோதட்டும்னு சும்மா நின்னா அதுக்குப் பேர் ஆக்ரோஷம் இல்லை.

இவ்வளவு தெளிவா எழுதி வெச்சும் நடக்கிறது என்ன?

2024-ல் என் அக்கா பையனோட டீம் ஒரு போட்டியில் ஆடிச்சு. எந்த ஊர், எந்தப் போட்டின்னு சொல்ல மாட்டேன். இவங்களோடது முன்னாடி டைட்டானியத்தில் சாய்வுத் தகடு வெச்ச வண்டி, எதிராளியைத் தூக்கித் தள்ளுறதுதான் வேலை. எதிர்ல சுத்துற பிளேடு வெச்ச ஸ்பின்னர். முதல் நிமிஷம் தீபாவளிதான், ஒவ்வொரு மோதலுக்கும் பொறி மழை. அதுக்கப்புறம் ஸ்பின்னரோட பெல்ட் கழண்டு பிளேடு நின்னு போச்சு. மிச்ச ரெண்டு நிமிஷமும் நம்ம பசங்க அதைக் கூண்டு முழுக்க தள்ளிக்கிட்டே திரிஞ்சாங்க. தீர்ப்பு? 2-1, ஸ்பின்னர் ஜெயிச்சதாம்!

தோத்தது கூட பரவாயில்லைங்க. மார்க் ஷீட்டைப் பார்க்கலாமான்னு பசங்க மரியாதையாப் போய்க் கேட்டாங்க. "அது வழக்கம் இல்லை"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வண்டி திரும்ப வந்தப்ப தகட்டில் நாலு கீறல், சக்கரம் நாலும் நல்லா சுத்துது. வண்டியைப் புரட்டிப் பார்த்துட்டு பையன் சொன்னான்: "மாமா, அடுத்த வருஷம் நாங்களும் ஸ்பின்னர்தான்."

என் சண்டையே இங்கதான். எப்படி மார்க் விழுதோ அப்படித்தான் ரோபோவும் வரும். பொறிக்கு மார்க்குன்னா எல்லாப் பசங்களும் பொறி கக்குற ஒரே மாதிரி வண்டியைத்தான் செய்வாங்க. ஸ்பின்னர் மட்டம்னு நான் சொல்லலை, நல்ல ஸ்பின்னர் செய்யுறது லேசுப்பட்ட வேலையும் இல்லை. ஆனா பிளேடு வாங்க, மோட்டார் வாங்க, உடைஞ்சா மறுபடி வாங்கக் காசு வேணும். சொந்தமா பட்டறை வெச்சிருக்கிற ஸ்கூல் தாங்கும். காசில்லாத ஸ்கூலுக்கு வழி நல்ல தகடும் நல்லா ஓட்டுற கையும்தான். அந்த வழியைத்தான் அடைக்கிறீங்க.

"நடுவர்கள் சம்பளம் வாங்காம வர்றவங்க, லீவு நாளை விட்டுட்டு வந்து உட்கார்றாங்க, அவங்களைப் போய்..."னு ஆரம்பிக்காதீங்க. நன்றி சொல்றேன், கும்பிடுறேன். ஆனா மூணு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? சேதத்துக்கு இத்தனை, ஏன். ஆக்ரோஷத்துக்கு இத்தனை, ஏன். கீழே கையெழுத்து. மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு டீமுக்கும் ஆளுக்கொரு நகல். தீர்ப்பை மாத்தச் சொல்லலை, அது இறுதியாவே இருக்கட்டும். சேதத்துக்கு மார்க் போடுறதுக்கு முன்னாடி கூண்டுக்குள்ள ரெண்டு வண்டியையும் ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஆயுதம் சுத்துதா, சக்கரம் சுத்துதா, அரை நிமிஷத்தில் தெரிஞ்சிடும்.

"தோல்வியைத் தாங்கப் பசங்க கத்துக்கணும்"னு இன்னொரு குரூப். ஐயா, பரீட்சைப் பேப்பரைத் திருத்திட்டுத் திருப்பித் தராத வாத்தியாரை நீங்க சும்மா விடுவீங்களா? தோத்தது ஏன்னு தெரியாத பையன் அதிலிருந்து எதைக் கத்துக்குவான்?

டிஸ்கி: சொந்தக்காரப் பையன் தோத்ததால குதிக்கிறேன்னு சொல்றவங்களுக்கு - அதே நாள் மத்தியானம் இன்னொரு மேட்ச்ல இவங்க 3-0ன்னு ஜெயிச்சாங்க. ஏன்னு அதுக்கும் காரணம் சொல்லலை. அந்த மார்க் ஷீட்டையும்தான் கேட்கிறேன்.