சைக்கிளடியில் கேட்கப்படும் கேள்விகள்: குடும்ப வன்முறையும் கிராமத்துத் தொண்டர்களும்

கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றின் பொதுநோக்கு மண்டபம். பெண்களுக்கு எதிரான வன்முறைகளை ஒழிப்பதற்கான 16 நாள் செயல்வாதத்தை ஒட்டிக் கூட்டம் நடக்கிறது. சுவரில் பதாகை, பிளாஸ்டிக் கதிரைகளில் நாற்பது பெண்கள் வரையில். வெளியில் இருந்து வந்த வளவாளர் ஒரு மணித்தியாலம் பேசினார். சட்டம், உரிமை, சமத்துவம் எல்லாவற்றையும் சொன்னார். முடிவில் கேள்விகள் இருந்தால் கேட்கச் சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேநீரும் பணிஸும் கொடுத்தார்கள், குழுவாகப் படம் எடுத்தார்கள், வாகனம் போய்விட்டது.

கேள்வி அதன் பிறகுதான் வந்தது. சைக்கிள்கள் நிறுத்தியிருந்த வேப்பமரத்தடியில், அந்த ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்த அக்கா ஒருவரிடம் இளம் தாய் ஒருவர் வந்தார். "அக்கா, எனக்குத் தெரிஞ்ச பிள்ளை ஒண்டு இருக்கு" என்று தொடங்கினார். அந்தப் பிள்ளை யார் என்று அக்கா கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு எத்தனை குழந்தைகள், இரவில் ஓடிப்போய் இருக்க அயலில் வீடு இருக்கிறதா, அடையாள அட்டை யாருடைய கையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்தை எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு மூன்று தரம் சொல்ல வைத்துப் பாடமாக்கினார். எழுதிய துண்டு வீட்டில் அகப்பட்டால் அதற்கும் அடி விழும் என்பது அவருக்குத் தெரியும்.

அக்காவுக்குச் சம்பளம் இல்லை. பதவிப் பெயரும் இல்லை. ஆனால், குடும்ப வன்முறை பற்றிய விழிப்புணர்வு என்று நாங்கள் எதைச் சொல்கிறோமோ, அதன் உண்மையான வேலை அன்றைக்கு மண்டபத்துக்குள் நடக்கவில்லை, வேப்பமரத்தடியில்தான் நடந்தது. வடக்கிலும் கிழக்கிலும் அந்த வேலை யாருடைய தோளில் நிற்கிறது, அதை எவ்வளவு காலத்துக்கு அப்படியே விடமுடியும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

வெளியில் சொல்ல முடிந்த வன்முறையும் சொல்ல முடியாத வன்முறையும்

எங்களுக்கு நடந்த வன்முறைகளைப் பற்றிப் பேசுவதற்கு எங்களிடம் சொற்கள் இருக்கின்றன. ஷெல் வீச்சு, காணாமல் ஆக்கப்பட்டோர், காணி அபகரிப்பு, தடுப்பு முகாம். இவற்றைச் சொல்லும் பெண்ணைச் சமூகம் தாயாக, சாட்சியாக மதிக்கிறது. அதே பெண் தன் புருஷன் தன்னை அடிக்கிறான் என்று சொன்னால், அவள் குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுத்தவள் ஆகிறாள். சில வேளைகளில் இனத்தின் மானமும் அதோடு சேர்த்து எண்ணப்படுகிறது. 'இருக்கிற பிரச்சினைக்குள்ள இது வேறயா' என்ற வசனத்தைக் கேட்காத பெண் செயற்பாட்டாளர் எங்கள் பக்கத்தில் இருக்கமாட்டார்.

இன்னொரு வசனமும் இருக்கிறது: 'உனக்கு மனுசன் உயிரோட இருக்கிறானே.' யுத்தம் முடிந்த அடுத்த ஆண்டு, 2010 இல், வடக்கு கிழக்கில் 89,000 விதவைகள் இருப்பதாக அப்போதைய பிரதி அமைச்சரே சொன்னார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியர் தங்களை விதவைகள் என்று எழுதவும் மாட்டார்கள். அவர்களோடு ஒரே வேலியில் வாழும் பெண், கணவன் இருப்பதையே ஒரு பாக்கியமாக எண்ண வேண்டியவளாகிறாள். அடிபடும் பெண் பக்கத்து வீட்டுத் தலைமைத்துவப் பெண்ணைப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறாள். தனித்து வாழ்வது எவ்வளவு கடினம் என்பதை அவள் ஒவ்வொரு நாளும் கண்ணால் காண்கிறாள்.

குடியும் போர்க்கால மனவடுவும்தான் காரணம் என்று சொல்பவர்கள் பலர். அவற்றுக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. கசிப்பு ஓடும் ஊரில் இரவுகள் மோசமாகத்தான் இருக்கும். ஆனால், அதே பங்கருக்குள் இருந்த, அதே முகாமில் வரிசையில் நின்ற மனைவி யாரையும் அடிப்பதில்லையே. குடித்தவர் பொலிஸாரை அடிப்பதில்லை, முதலாளியை அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்து மனைவியை அடிக்கிறார். மனவடுவுக்குச் சிகிச்சை வேண்டும், குடிக்குப் புனர்வாழ்வு வேண்டும். ஆனால், அடிக்கலாம் என்ற அனுமதி குடிக்கு முன்னரே வீட்டில் இருந்தது.

இது எங்களுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய பெண்களின் நல்வாழ்வு பற்றிய ஆய்வின்படி, நாடு முழுவதிலும் துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதமானோர், அதாவது ஐந்தில் ஒருவர், வாழ்நாளில் துணையிடமிருந்து உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். மனரீதியான, பொருளாதார ரீதியான வன்முறையையும் கட்டுப்படுத்தும் நடத்தைகளையும் சேர்த்தால் ஐந்தில் இருவர். சிங்கள, தமிழ், முஸ்லிம் என்று எல்லா வீடுகளிலும் நடக்கிறது. எங்கள் பகுதிகளில் வேறுபடுவது, அடிபட்ட பெண் போகக்கூடிய வழிகள் போரால் இன்னும் ஒடுங்கிப்போயிருப்பதுதான்.

சட்டம் இருக்கிறது, வழி தெரியவில்லை

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதில் என்ன இருக்கிறது என்பதை எங்கள் ஊர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

பாதிக்கப்பட்டவர் பொலிஸ் முறைப்பாட்டின் முடிவுக்காகக் காத்திராமல் நேரடியாக நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்டு விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். நிலைமை அவசரமானால் இடைக்காலக் கட்டளை கிடைக்கும், 14 நாட்களுக்குள் விசாரணை வைக்கப்பட வேண்டும். அதன் பின் வழங்கப்படும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். அடிக்கும் ஆளை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கவும், வாழும் வீட்டை விற்றோ ஈடு வைத்தோ பெண்ணை நடுத்தெருவில் விடாமல் தடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உடுப்பு, பத்திரங்களை எடுக்கப் பொலிஸ் கூட வரவும் உத்தரவிடலாம். கட்டளையை மீறினால் சிறைத் தண்டனை வரை போகலாம்.

வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கலாம் என்பது எங்கள் பெண்களுக்கு மிக முக்கியமானது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல குடும்பங்கள் வாழ்வது பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில். உறுதி அவளின் பெயரில் இருக்கும். ஆனாலும், அடி விழும் இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டுவது அவள்தான். தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் சம்மதம் தேவை என்பதால், அந்த வீடு முழுதாகத் தன்னுடையது என்று அவள் உணர்வதும் குறைவு. வெளியேற வேண்டியது அடித்தவர்தான் என்று சட்டம் சொல்வதை அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

சட்டத்தில் ஓட்டைகளும் உண்டு. கணவனின் பாலியல் வல்லுறவு, நீதிமன்றத்தால் பிரிக்கப்பட்ட தம்பதியினர் இடையே நடந்தால் மட்டுமே தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றமாகிறது. நடைமுறையில் அதைவிடப் பெரிய ஓட்டை பொலிஸ் நிலைய வாசலில் இருக்கிறது. முறைப்பாடு செய்யப் போகும் பெண் 'குடும்பப் பிரச்சினைதானே, சமாதானமாப் போங்கோ' என்ற அறிவுரையோடு திரும்புகிறாள். தமிழில் பதியக்கூடிய பெண் உத்தியோகத்தர் எந்நேரமும் இருப்பார் என்ற நிச்சயம் இல்லை. சீருடையோடு எங்கள் மக்களுக்கு இருக்கும் பழைய அச்சம் வேறு. முறைப்பாடு மத்தியஸ்த சபைக்குப் போனால், அங்கும் தேடப்படுவது இணக்கம்தான். அடித்தவரும் அடிபட்டவரும் சமமாக உட்கார்ந்து விட்டுக்கொடுக்க வேண்டிய காணிப் பிரச்சினை அல்ல இது.

ஒருநாள் கூட்டம் செய்யாததைத் தொண்டர்கள் செய்கிறார்கள்

விழிப்புணர்வு என்பது தகவலைச் சொல்லிவிட்டுப் போவது என்றால் ஒருநாள் கூட்டம் போதும். ஆனால், அடிபடும் பெண்ணுக்குக் குறைவாக இருப்பது தகவல் மட்டும் அல்ல. தகவலை வைத்துக்கொண்டு அடுத்த நாள் யாரிடம் போவது என்பதுதான் அவளின் பிரச்சினை. கிராமத்துத் தொண்டர் அந்த இடத்தில்தான் நிற்கிறார். அவர் பெண்களைச் சந்திப்பது கூட்டத்தில் அல்ல. கிளினிக்கில் பிள்ளைகளின் நிறை பார்க்கும் நாளில், முன்பள்ளி வாசலில், சீட்டுப் பிடிக்கும் வீட்டில், தண்ணீர் அள்ளும் இடத்தில் சந்திக்கிறார். கணவன்மார் சந்தேகப்படாத இடங்கள் இவை.

அனுபவம் அவர்களுக்குச் சிலவற்றைப் பழக்கியிருக்கிறது. 'ஏன் இன்னும் அவனோட இருக்கிறாய்' என்று கேட்பதில்லை. கணவனோடு தாங்களாகப் போய்ப் பேசுவதில்லை, அதன் பழி இரவில் பெண்ணின் மேல் விழும். காயத்தோடு வைத்தியசாலைக்குப் போகும் பெண்ணிடம், கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லவேண்டாம் என்கிறார்கள். வைத்தியர் எழுதி வைக்கும் உண்மைதான் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இதற்காகவே இருக்கிறது. அடையாள அட்டை, விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், காணி உறுதி ஆகியவற்றின் பிரதிகளை நம்பிக்கையான வீடு ஒன்றில் வைக்கச் சொல்கிறார்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் எங்கே இருக்கிறது, எந்த பஸ்ஸில் போகலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இது புதிதாக முளைத்த வேலை அல்ல. 1990களின் ஆரம்பத்தில் இடம்பெயர்ந்த பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், போர் நடந்த காலத்திலேயே பாட்டும் நாடகமுமாக இந்த விடயத்தை ஊர்களுக்குக் கொண்டுபோனது. மேடையில் இன்னொருத்தியின் கதையாகப் பார்ப்பது, 'எனக்குத் தெரிஞ்ச பிள்ளை' என்று தொடங்குவதற்கு ஒரு துணிவைக் கொடுக்கிறது.

தொண்டரைத் தனியே விடுதல்

தொண்டரைப் புகழ்ந்துவிட்டுப் போவது சுலபம். அவர் கொடுக்கும் விலையைப் பேசுவது குறைவு. அவரும் அதே ஊரில்தான் வாழ்கிறார். அடிக்கும் ஆள் அவருக்குத் தம்பி முறையாக இருக்கலாம், கோயில் நிர்வாகத்தில் இருக்கலாம். 'குடும்பத்தைப் பிரிக்கிறவள்' என்ற பெயர் வரும். வாசலில் குடித்துவிட்டுக் கத்துவார்கள். பாதிக்கப்பட்டவருக்கு உதவுகின்ற உறவினர், நண்பர், சமூக சேவையாளர் ஆகியோர் மீது வன்முறை செய்வதைத் தடுத்தும் நீதிமன்றம் கட்டளையிடலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. இதை அறிந்த தொண்டர்கள் மிகக் குறைவு. அவர்களுக்குக் கொடுக்கப்படும் பயிற்சிகளில் இது முதலாவதாக இருக்க வேண்டும்.

பஸ் காசு, தொலைபேசிக்கு றீலோட், நீதிமன்றத் தவணைக்குக் கூடப்போகும் நாளின் கூலி இழப்பு எல்லாம் அவர்களின் சொந்தக் கை. முன்னர் திட்டங்கள் வழியாகக் கொஞ்சம் கிடைத்தது. திட்டம் முடிந்தால் அதுவும் முடிந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது, வெளிநாட்டுப் பணத்தில் நிற்கும் வேலை எவ்வளவு விரைவாக நின்றுபோகும் என்பதைப் பார்த்தோம். பணம் நின்றாலும் இரவில் படலையைத் தட்டும் பெண் வருவது நிற்பதில்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவானவை அல்ல. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர், பொலிஸ் பெண்கள் சிறுவர் பிரிவு, கிராமத்துத் தொண்டர்கள் ஆகியோர் மாதம் ஒரு முறை ஒன்றாக இருந்து பேசலாம். தொண்டருக்கு அடையாளக் கடிதமும் பயணச் செலவும் கொடுக்கலாம். இரவில் ஒரு பெண்ணைப் பிள்ளைகளோடு அனுப்பக்கூடிய பாதுகாப்பு இல்லம் எட்டக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் 'வெளியே வா' என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. நுண்கடன் தவணை அவளின் பெயரில் வாரா வாரம் வந்துகொண்டிருக்கும்போது, தொழில் இல்லாத விடுதலையும் வெறும் பேச்சுத்தான். விளையாட்டுக் கழகம், கோயில் நிர்வாகம், கடற்றொழிலாளர் சங்கம் போன்ற ஆண்கள் கூடும் இடங்களில் இதைப் பேசும் வேலையையும் பெண்களின் தலையில் கட்டக்கூடாது. அங்கே பேச வேண்டியவர்கள் ஆண்கள்.

புலம்பெயர் உறவுகளும் கோயிலுக்கு, மைதானத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கை இந்தப் பக்கம் திருப்பலாம். கட்டிடம் தேவையில்லை. ஊருக்கு இரண்டு தொண்டர்களின் பஸ் காசும் தொலைபேசிச் செலவும் போதும்.

அன்று வேப்பமரத்தடியில் வந்த அந்த இளம் தாய், இலக்கத்தைப் பாடமாக்கிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். போகும்போது, அந்தப் பிள்ளையிடம் கட்டாயம் சொல்லுவதாகச் சொன்னார். எந்த நேரம் எண்டாலும் என்ர வீட்டுப் படலையைத் தட்டச் சொல்லுங்கோ என்று அக்கா பதில் சொன்னார். சட்டமும் அரசாங்கமும் வந்து சேரும்வரை அந்த ஊரில் இருப்பது அந்த ஒரு படலைதான். அது திறந்திருப்பதற்கு நாங்கள் என்ன செய்கிறோம்?