கேள்விச் சாட்சி

“அவன்தான் அடித்தான் என்று அடுத்த வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார், ஐயா.” சாட்சிக் கூண்டில் நிற்பவர் இவ்வாறு தொடங்கியவுடன் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிப்பார். நீதிபதியும் அதை ஏற்பார். உண்மையைச் சொல்ல வந்தவரை ஏன் தடுக்கிறார்கள் என்று நம்மில் பலர் வியப்பதுண்டு.

காரணம் எளியது. கண்டவர் அடுத்த வீட்டுக்காரர்; கூண்டில் நிற்பவரோ வேறொருவர். கண்டவர் சத்தியப் பிரமாணம் எடுக்கவில்லை. அவருடைய முகத்தை நீதிபதி பார்க்கவில்லை. “விளக்கு எரிந்ததா? எவ்வளவு தூரத்தில் நின்றீர்? உமக்கும் அவனுக்கும் பகை உண்டா?” என்று அவரைக் குறுக்கு விசாரணை செய்யவும் வழியில்லை. ஆகவே, கண்டதைக் கண்டவரும், கேட்டதைக் கேட்டவருமே நேரில் வந்து சொல்லவேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 60ஆம் பிரிவில் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய சாட்சிய அதிநியமும் இவ்விதியைத் தன் 55ஆம் பிரிவில் அப்படியே காத்துள்ளது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. “உன்னைத் தொலைத்துவிடுவேன்” என்று ஒருவன் மிரட்டியதைத் தம் காதால் கேட்டவர் அதைச் சொல்லலாம். மிரட்டல் நடந்தது என்பதற்கு அவரே நேர்ச் சாட்சி. பிறர் சொன்ன செய்தி மெய்யென்று நிலைநாட்ட முயலும்போதுதான் அது கேள்விச் சாட்சியாகிறது.

நம் புதுவைக்கு இச்சட்டம் பிரெஞ்சு ஆட்சி நீங்கியபின், 1960களில்தான் வந்தது. ஆயினும் இவ்விதி எந்தத் தீங்கைத் தடுக்க எழுந்ததோ, அத்தீங்கை இந்நகரம் அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தது. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராயிருந்த நைனியப்பப் பிள்ளை, 1716இல் ஆளுநர் எபேரின் ஆணையால் சிறையிலடைக்கப்பட்டார். மக்களைக் கலகத்துக்குத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. சாட்சிகள் தமிழில் சொன்னவை மொழிபெயர்ப்பாளர் வாய்வழியே பிரெஞ்சு ஏட்டில் ஏறின. தாம் படித்தறிய இயலாத அந்த ஏட்டின் அடியில் அவர்கள் கையொப்பமிட்டனர். மொழிபெயர்த்தவரோ இயேசு சபைக் குருக்களின் உபதேசியாருடைய மகன்; அக்குருக்களுக்கும் நைனியப்பருக்கும் இடையே இணக்கம் இருந்ததில்லை. சவுக்கடியும் சிறையும் பெருந்தொகை அபராதமும் தீர்ப்பாயின. அடுத்த ஆண்டே அவர் சிறையில் உயிர்நீத்தார். அவர் மக்கள் பிரான்சுவரை முறையிட்டனர். விசாரணை நடந்த முறையே அந்த முறையீட்டில் கேள்விக்குள்ளானது. 1720இல் அவர் குற்றமற்றவர் எனத் தீர்வாயிற்று. ஆனால் அதைக் கேட்க அவர் இல்லை. ஒருவர் சொல் மற்றொருவர் வாய்வழியே வந்து, சோதிக்கப்படாமல் தீர்ப்பானால் விளைவது இதுவே.

அப்படியாயின், சொன்னவர் இறந்துவிட்டால் அவர் சொல்லும் அவரோடு புதைந்துபோக வேண்டியதுதானா? இல்லை. அதற்கெனவே சட்டம் சில விலக்குகளை வைத்துள்ளது. அவற்றுள் முதன்மையானது மரண வாக்குமூலம். தம் சாவுக்குக் காரணம் யாது, அது எந்தச் சூழ்நிலையில் நேர்ந்தது என்று ஒருவர் சொல்லிச் சென்றது சாட்சியமாகும். பேச முடியாதவரின் சைகையும் போதும். கழுத்தறுபட்ட ஒரு பெண் கையசைவால் அளித்த விடைகளை அலகாபாத் உயர்நீதிமன்றம் 1885இலேயே ஏற்றது. சாகப்போகிறோம் என்ற எண்ணம் சொன்னவருக்கு இருந்திருக்கவேண்டும் என்பது ஆங்கிலேயர் மரபு; நம் சட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை.

வேறு ஆதாரமின்றி இவ்வாக்குமூலத்தை மட்டும் கொண்டே தண்டிக்கலாம் என்று 1957இல் குஷால் ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. ஆனால் இறந்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதாகையால், அதை மிகக் கவனமாக ஆராயவேண்டும் என்றும் எச்சரித்தது. வினா விடையாக, இயன்றவரை சொன்னவரின் சொற்களிலேயே மாஜிஸ்திரேட் எழுதிய வாக்குமூலத்திற்கு, பின்னர் நினைவிலிருந்து சொல்லப்படுவதைவிட மதிப்பு மிகுதி. சுயநினைவு இருந்ததென மருத்துவர் சான்று தரவில்லை என்பதாலேயே அதைத் தள்ளவேண்டியதில்லை என 2002இல் லக்ஷ்மண் வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்த்தனர்.

மற்ற விலக்குகள் நம் இல்லங்களுக்கு இன்னும் நெருக்கமானவை. காலஞ்சென்ற பங்குக் குரு தம் கடமையாக ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதிவைத்த குறிப்பு சாட்சியமாகலாம். “இன்னான் என் தம்பி மகன்” என்று, வழக்கு எழுவதற்கு முன்பே மூதாட்டி சொல்லியிருந்த உறவுமுறையும் அவ்வாறே. வழக்கு எழுந்தபின் சொல்லப்பட்டதற்கு இந்த விலக்கு இல்லை. சொத்துக்காகச் சொல் வளையக்கூடும் என்பதைச் சட்டம் அறியும்.

ஆகையால் குடும்பத்தினர் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. தீக்காயத்தோடும் வெட்டுக்காயத்தோடும் மருத்துவமனையில் கிடப்பவரிடம், “இன்னாரைக் காட்டிக்கொடுக்காதே”, “இப்படிச் சொல்” என்று உறவினர் ஓதுவது பெருந்தீங்கு. ஒரு நாள் ஒன்றும் மறுநாள் வேறொன்றுமாக அவர் சொன்னால், குற்றவாளி தப்பலாம், குற்றமற்றவர் சிக்கலாம். மாஜிஸ்திரேட்டை விரைவில் அழைக்கும்படி மருத்துவரைக் கேளுங்கள். அதற்குள் அவர் பேசினால், பேசியதைக் கூட்டாமலும் குறைக்காமலும் அன்றே எழுதிவையுங்கள்.

பிறர் சொன்னதை நம்பி ஒருவரைத் தண்டிக்க நீதிமன்றமே இத்தனை தயங்குகிறது. தெருத் திண்ணையிலும் கோயில் வாசலிலும் நாம் அவ்வளவு தயங்குகிறோமா?