எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்?

பழைய படத்தை மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாசகத்தில் வந்து நிற்கிறார்கள்: படம் அப்படியேதான் இருக்கிறது, நாம்தான் மாறிவிட்டோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை இதன் முதல் பாதியை நம்புவதற்கில்லை.

'ராஜராஜ சோழன்' 1973இல் வந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அந்த அகலத்தைச் சதுரத்துக்குப் பக்கமாக இருந்த பழைய டிவி பெட்டியில் திரை நிறையக் காட்ட வேண்டுமென்றால் இரு பக்கமும் சேர்த்து நாற்பது சதவீதத்துக்கு மேல் வெட்டியாக வேண்டும். ஒருவர் பேசிக்கொண்டிருப்பார், யாரிடம் பேசுகிறார் என்பது சட்டத்துக்கு வெளியே போயிருக்கும். அப்படிப் பார்த்துவிட்டு 'ஒரே நாடகத்தனம்' என்று தீர்ப்புச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் வழக்கில் பாதியைத்தான் விசாரித்திருக்கிறார்கள்.

நிறமும் இப்படித்தான். அறுபது, எழுபதுகளின் ஈஸ்ட்மென் கலர் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும்; வருஷம் போகப்போக வானம், புல்வெளி, நாயகி முகம் எல்லாம் ஒரே செவ்வண்ணமாகிவிடும். இரண்டாம் ஓட்டத்துக்கு, மூன்றாம் ஓட்டத்துக்கு என்று ஊர் ஊராகப் போன பிரதிகளுக்கு வேறொரு வியாதி. ரீல் அறுந்த இடத்தில் ஆபரேட்டர் சில சட்டங்களை வெட்டி ஒட்டுவார். அடுத்த ஊரில் இன்னும் கொஞ்சம் குறையும். கடைசியாக டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேரும்போது நாயகன் கதவைத் திறப்பான், அடுத்த கணம் மாடியில் நிற்பான். மணல் குவித்து உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. விட்டுப்போனதை மனதிலேயே எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

படமே இல்லாமல் படம் பார்த்த காலமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம்; அப்புறம் கதை வசனக் கேசட். 'விதி' (1984) படத்தின் நீதிமன்ற வாதங்களை டீக்கடை டேப்ரெக்கார்டரில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். 'திருவிளையாடல்' தருமியைக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த ஒருவர் பிற்பாடு முதல்முறையாகப் படத்தைப் பார்க்கிறார் என்றால், அது முதல்முறைதானா? வசனம் முழுக்கத் தெரியும். நாகேஷின் உடம்பு அந்த வசனத்தை எப்படி வளைத்துத் தூக்கிக்கொண்டு போகிறது என்பது மட்டும்தான் புதிது. 2024 ஏப்ரலில் 'கில்லி' மறுபடி திரைக்கு வந்தபோது இதுவே தலைகீழாக நடந்தது. 2004இல் கைக்குழந்தையாக இருந்தவர்கள், டிவியில் விளம்பரங்களுக்கு நடுவே எத்தனையோ தடவை பார்த்துவிட்ட ஒன்றைத் தியேட்டரில் முதல்முறையாகப் பார்த்து விசிலடித்தார்கள்.

இப்போது படைத்தவர்களே பாடத்தைத் திருத்தவும் தொடங்கிவிட்டார்கள். 2022இல் 'பாபா' காட்சிகள் குறைந்து, முடிவும் மாறி வந்தது. மறு ஆண்டு 'ஆளவந்தான்' சுருங்கி வந்தது. தங்கள் படத்தைத் திருத்த அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் 2002இல் எழுதப்பட்ட ஒரு 'பாபா' விமர்சனத்தையும் 2022இல் எழுதப்பட்ட ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுபவர்கள், இரண்டும் ஒரே படத்தைப் பற்றியதல்ல என்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏட்டுச்சுவடிகளில் இந்தச் சிக்கலை நாம் எப்போதோ எதிர்கொண்டுவிட்டோம். 1887இல் 'சீவக சிந்தாமணி'யைப் பதிப்பித்த உ.வே.சா., கிடைத்த சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்கவில்லை. சங்கப் பாடலின் ஒரு சொல்லுக்குப் பாடபேதம் குறிக்கும் தமிழ் ஆய்வாளர், இரண்டரை மணி நேரப் படத்தைப் பற்றி எழுதும்போது எந்தப் பிரதி, எத்தனை நிமிடம் என்று சொல்வதில்லை. சினிமாதானே என்ற அலட்சியம் சினிமாவை நேசிப்பவர்களிடமே இருக்கிறது.

இது வெறும் ஆவணக்காரர் பிடிவாதம் என்று தோன்றலாம். 'அந்த நாள்' (1954) படத்தை எடுத்துக்கொள்வோம். எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. 1943இல் சென்னையில் குண்டு விழுந்த நாட்களில் ரேடியோ எஞ்சினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஒவ்வொருவர் வாக்குமூலமும் ஒவ்வொரு கொலையாளியைக் காட்டுகிறது. எழுபது வருஷத்துக்கு முந்தைய படம், ரகசியத்தை உடைத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்: சுட்டது மனைவி உஷா. முதல் தடவை பார்க்கும்போது நம் கண் சந்தேகத்துக்குரியவர்கள் பின்னாலேயே ஓடுகிறது. இரண்டாம் தடவை பண்டரிபாயை விட்டு நகர்வதில்லை. சிவாஜி கணேசனுக்காகப் பார்க்கப் போன படம் பண்டரிபாயின் படமாகிவிடுகிறது. துக்கம் என்று நாம் எண்ணியிருந்த முகத்தில் துக்கமும் இருக்கிறது, அதற்குள் ஒளித்துவைத்த இன்னொன்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து நடித்திருக்கிறார். நன்றாக இருக்கும் பிரதியில் இது தெரிகிறது. யூடியூபில் யாரோ ஏற்றிவைத்த கலங்கல் பிரதியில் அந்த முகம் ஒரு வெள்ளைத் திட்டு. கதை புரியும், கொலையாளி யாரென்பதும் தெரியும். ஆனால் மறுபடி பார்க்க வந்ததன் பலன் போய்விட்டது. மறுமுறை பார்ப்பதன் லாபமெல்லாம் நுணுக்கத்தில் இருக்கிறது. பிரதி தேயும்போது முதலில் போவதும் அதுதான். கதை எந்தப் பிரதியிலும் பிழைத்துக்கொள்ளும்.

பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) இன்னொரு வகை. அங்கே நாம் மாறியதும் உண்மைதான். கல்லூரி வயதில் பார்த்தவர்களிடம் கேளுங்கள், சொக்கலிங்க பாகவதரின் தாத்தாவைத்தான் சொல்வார்கள், அரைகுறையாக எழுந்து நிற்கும் வீட்டின் சுவரை அவர் தொட்டுப் பார்ப்பதைச் சொல்வார்கள். வீட்டுக்கடன் தவணை கட்டத் தொடங்கியபின் பார்த்தவர்களிடம் கேட்டால் சிமெண்ட் மூட்டைகளைச் சொல்கிறார்கள். காண்ட்ராக்டரின் திருட்டை அம்பலப்படுத்தும் சித்தாள் மங்கம்மாவைச் சொல்கிறார்கள். அனுமதிக்கு அலையும்போது அர்ச்சனாவின் முகத்தில் ஏறும் அந்த அசட்டுப் பணிவைச் சொல்கிறார்கள். இத்தனைக்கும் அவர்கள் சொல்கிற எல்லாமே முதல் தடவையும் திரையில் இருந்ததுதான்.

அந்த 'வீடு' படத்தின் நெகட்டிவ் இன்று இல்லை. 'சந்தியா ராகம்' நெகட்டிவும் இல்லை. சொன்னவர் பாலுமகேந்திராவே. தமிழ்ப் படங்களுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று 2014இல் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964இல், நம் 'கர்ணன்' வெளியான அதே ஆண்டு. 'கர்ணன்' அதிர்ஷ்டசாலி, சிவாஜி படம் என்பதால் 2012இல் புதுப்பிக்க ஆள் வந்தது, புதுப்பித்த பிரதி நூறு நாளைத் தாண்டியும் ஓடியது. பாட்டில்லாத, நட்சத்திரமில்லாத 'வீடு' போன்ற படங்களுக்கு அந்தச் சந்தை கிடையாது. வசூல் நிச்சயமானால் மட்டும் புதுப்பிப்பது என்றால், இன்னும் இருபது வருஷத்தில் மறுபடி பார்க்கக் கிடைப்பவை வெற்றிப்படங்கள் மட்டுமாகத்தான் இருக்கும். மாநில அரசு செய்ய வேண்டிய வேலை இது. சிற்றிதழ் செய்ய முடியாது.

சிற்றிதழால் முடிந்தது வேறு. இந்த இதழிலிருந்து, சினிமா பற்றி எழுதும் நண்பர்கள் கட்டுரையின் கீழே இரண்டு வரி சேர்த்து அனுப்ப வேண்டுகிறோம்: எதில் பார்த்தீர்கள் (தியேட்டர், டிவி, குறுந்தகடு, யூடியூப்), அந்தப் பிரதி எத்தனை நிமிடம் ஓடுகிறது. நினைவிலிருந்து எழுதியதென்றால் அதையும் தயங்காமல் குறிப்பிடுங்கள். நினைவிலிருந்து எழுதப்பட்ட நல்ல கட்டுரைகளை இனியும் வெளியிடுவோம். பழைய பாட்டுப் புத்தகங்களோ கதை வசனக் கேசட்டுகளோ வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடுவதற்கு முன் எங்களுக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். தபால் செலவு எங்களுடையது, சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து.